ரெண்டு கரண்டி வைக்கலாம், ரெண்டு அடுப்பு வைக்க முடியாது

(பேரணாம்பட்டில் இளைஞர் வாசிப்பு வட்டத்தின் ஞாயிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னைக் கூப்பிட்ட தம்பி, "அக்கா, உணவு அரசியல் பற்றிப் பேசுங்க" என்றார். அரசியலை மேடையில் பேசிப் பழக்கமில்லை. ஆனால் எட்டுப் பேர் இருக்கும் வீட்டுக்குப் பதினாறு வருஷமாகச் சமைக்கிறேன். அதைச் சொல்கிறேன். அரசியலை நீங்களே முள் எடுப்பதுபோல எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் யார் யார் என்ன சாப்பிடுவார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் குழப்பம் வரும். மாமாவுக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. அவருக்கு உப்பு குறைய வேண்டும், சோறும் அளவாக வைக்க வேண்டும். அத்தை ஆடு, கோழி, மீன், கருவாடு எல்லாம் சாப்பிடுவார், மாட்டுக்கறி மட்டும் தொடமாட்டார். என் வீட்டுக்காரர் தோல்ஷாப்பில் டிரம் ஓட்டுகிறார். மாட்டுக்கறி இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவர் ஞாயிற்றுக்கிழமை என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். மகளுக்கு 13 வயது. மகனுக்கு 9. அவனுக்குக் காரம் ஆகாது, குழம்பில் கத்தரிக்காய் கண்ணில் பட்டால் தட்டை நகர்த்திவிடுவான். கொழுந்தன் எதைப் போட்டாலும் சாப்பிடுவான், கழுவி மட்டும் வைக்க மாட்டான். அவன் மனைவி, என் ஓரகத்தி, வேறு சாதி. விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். செவ்வாய், வெள்ளியில் சைவம், மற்ற நாளில் கோழியும் முட்டையும். மாட்டுக்கறி வாடையே ஆகாது. இப்போது ஏழு மாதம்.

எட்டாவது ஆள் நான். எனக்கு என்ன பிடிக்கும் என்று யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

இந்த எட்டுப் பேருக்கும் தனித்தனியாகச் சமைக்க வேண்டுமென்றால் நான் ஷூ கம்பெனி வேலையை விட வேண்டும். விட்டால் வாடகை நிற்கும். அதனால் நான் கண்டுபிடித்த வழி ஒன்று உண்டு. கண்டுபிடித்தேன் என்று பெருமையாகச் சொல்கிறேன், எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய வாணலியில் ஒரே மசாலா. சின்ன வெங்காயம் விலை ஏறியிருந்தால் பெரிய வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு, வறுத்து அரைத்த மல்லி, கொஞ்சம் தேங்காய். உப்பும் மிளகாய்த்தூளும் இந்த இடத்தில் அரை அளவுதான். பக்கத்தில் குக்கரில் அரைக்கிலோ மாட்டுக்கறியும் கால் கிலோ எலும்பும் மஞ்சள் போட்டு ஏழெட்டு விசில். மசாலா எண்ணெய் பிரிந்து வந்ததும் மூன்றாகப் பிரிக்கிறேன். ஒரு பங்கு கறிக்கு. ஒரு பங்கில் மொச்சையும் கத்தரிக்காயும், அது அத்தைக்கும் ஓரகத்திக்கும். மொச்சையை முதல் நாள் ராத்திரியே ஊறப்போட்டுவிட வேண்டும், மறந்தால் மீல்மேக்கர். மூன்றாவது பங்கில் முட்டை, மகனுக்கு. மாமாவுக்கு இதில் எதுவானாலும் உப்பு போடுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிடுவேன். கடைசியில்தான் மற்றவர்களுக்கு உப்பும் காரமும் சரிபண்ணுவது. ஒரு அடுப்பில் மசாலா, இன்னொன்றில் குக்கர், ஒன்றேகால் மணி நேரம். களி கிண்டினால் இன்னும் அரைமணி. சர்க்கரைக்கு ராகி மருந்து என்று மாமா சொல்லிக்கொண்டே இரண்டாவது உருண்டை கேட்பார். அளவு மீறினால் களியும் சோறு மாதிரிதான் மாமா என்பேன். அவர் காதில் விழாது.

இதுவரைக்கும் சொன்னதில் சண்டை ஒன்றும் இல்லை. உடம்புக்கு ஒன்று ஆகாது, நாக்குக்கு ஒன்று பிடிக்காது, வயசுக்கு ஒன்று ஒத்துக்கொள்ளாது. கிண்ணம் கூடினால் தீர்ந்துவிடும். கிண்ணத்தால் தீராத ஒன்று எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அதற்கு முன்னால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். பெரிய உதவி, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கார்டுக்கு மாதம் ஒரு கிலோ பருப்புதான். ஒரு கிலோ துவரம்பருப்பில் சுமார் 220 கிராம் புரதம் இருக்கிறது. எட்டுப் பேருக்கும் முப்பது நாளைக்கும் பிரித்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிராம்கூட வராது. பெரியவர்களுக்கு நாளைக்கு ஐம்பது கிராம் அளவில் வேண்டும். சோற்றிலிருந்து கொஞ்சம் வரும். மீதியைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கடையில் ஆட்டுக்கறியை விலை மட்டும் கேட்டுவிட்டு வரலாம். கோழி வாராவாரம் ஏறி இறங்கும். மாட்டுக்கறி ஆட்டுக்கறியின் விலையில் பாதிகூட இல்லை. குடலும் ஈரலும் சுவரொட்டியும் இன்னும் குறைவு. எங்கள் பக்கத்து ஏழைக் குடும்பங்கள், தலித்தாக இருந்தாலும் முஸ்லிமாக இருந்தாலும், பிள்ளைகளுக்குக் கறி காட்டியது இந்தக் கடைகளால்தான்.

என் மகளுக்கு வருகிறேன். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.2. படியேறினால் மூச்சு வாங்குகிறாள் என்று நான் ஏற்கெனவே கவனித்திருந்தேன், சோம்பேறித்தனம் என்று திட்டியும் இருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, 2019-21இல் எடுத்தது, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை என்கிறது. என் மகள் அந்த வயசுக்குள் நுழைவதற்கு முன்பே அந்த வரிசையில் போய் நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டேன். கீரை, பேரீச்சை, மாதுளை என்று சொன்னார்கள். மாதுளை என்ன விலை என்று அவர்களுக்கும் தெரியும். சிவப்பாக இருப்பதால் மாதுளையில் இரும்பு கொட்டிக்கிடக்கிறது என்று ஊரே நம்புகிறது. நூறு கிராமில் அரை மில்லிகிராம்கூட இல்லை. நான் தயங்கித் தயங்கி, "மாட்டு ஈரல் கொடுக்கலாமா?" என்றேன். அந்த அறையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, "கொடுங்க, நல்லதுதான்" என்றார். நல்லதென்றால் ஏன் தாழ்ந்த குரலில்? அந்தச் சுவரில் காய்கறிப் படம் ஒட்டியிருந்தது, பால் படம் ஒட்டியிருந்தது, முட்டைப் படம்கூட இருந்தது.

தெரிந்துகொள்ளுங்கள், தங்கைகள் முக்கியமாக. கறியில், ஈரலில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரையிலும் பருப்பிலும் இருப்பதை அவ்வளவு சுலபமாக எடுக்காது. ஆனால் கீரையோடு கொஞ்சம் கறி சேர்ந்தால், கீரையில் இருப்பதும் கூடுதலாக உடம்பில் சேரும். எலுமிச்சை பிழிந்தாலும் அப்படித்தான். அதனால் கறிக்குழம்பு இறக்கும்போது ஒரு கை முருங்கைக்கீரை உருவிப் போடுகிறேன். குடலில் கடலைப்பருப்பு போட்டுச் செய்கிறேன். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தை வீட்டில் நிறுத்தினேன், டீ இரும்பைச் சேரவிடாது. நிறுத்தியது மகளுக்கு மட்டும்தான், வீட்டுக்காரரிடம் என் பேச்சு எடுபடவில்லை. ஈரலையும் சுவரொட்டியையும் வாரத்துக்கு ஒரு நாள் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், அதில் வைட்டமின் ஏ அதிகம். மாட்டுக்கறி தின்றால் மாத்திரையே வேண்டாம் என்று யாராவது வீரம் பேசினால் கேட்காதீர்கள். என் மகள் மாத்திரையும் விழுங்கினாள், ஈரலும் சாப்பிட்டாள். ஆறு மாதம் கழித்து 10.9.

மாட்டுக்கறி சாப்பிடாத பெண்கள் எப்படிச் சமாளிப்பது என்று இங்கே யாராவது கேட்பீர்கள். சமாளிக்கலாம். முட்டை, கருவாடு, கொள்ளு, மொச்சை, ராகி, கீரையோடு எலுமிச்சை. சாப்பிடாதவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. என் அத்தையே சாப்பிடுவதில்லை.

அத்தை கதை இதுதான். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அவர்மேல் கோபம். நம்ம சனத்தில் பிறந்துவிட்டு மாட்டுக்கறி வேண்டாம் என்கிறாரே, மேல்சாதி வேஷம் போடுகிறாரே என்று நினைத்தேன். ஒருநாள் குத்திக்காட்டியும் பேசிவிட்டேன். அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ரொம்ப நாள் கழித்து, மின்சாரம் போன ஒரு ராத்திரியில் சொன்னார். அவர் பிறந்தது மலைப்பக்கக் கிராமம். ஊரில் மாடு செத்தால் சேரிக்கு ஆள் வரும். அவருடைய அப்பா போய்க் கட்டி இழுத்து வர வேண்டும். தோலை உரித்துக் கொடுக்க வேண்டும். கறியை எடுத்துக்கொள்ளலாம், அதுதான் கூலி. சின்னப் பிள்ளையாக அத்தை கூடை எடுத்துக்கொண்டு பின்னால் போவார். ஊர்ப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடவே கத்திக்கொண்டு வருவார்கள். ஒருநாள் அப்பா கூடையோடு எல்லாவற்றையும் குழிதோண்டிப் புதைத்துவிட்டு, இனிமேல் இழுக்கவும் மாட்டோம், தின்னவும் மாட்டோம் என்று சொல்லிவிட்டாராம். அந்த வாரம் முழுக்க வீட்டில் கூழ்தானாம்.

"எனக்குப் பிடிக்கலன்னு நெனச்சியா? அந்தக் கூடை ஞாபகம் வருது, அதான் எறங்கல" என்றார்.

1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் நம் மக்களிடம் செத்த மாட்டின் கறியைச் சாப்பிடுவதை விடச் சொன்னார். அதே அம்பேத்கர் 1948இல் 'தீண்டப்படாதார்' நூலில், பிராமணர்களும் ஒரு காலத்தில் மாட்டுக்கறி தின்றவர்கள்தான், அவர்கள் விட்ட பிறகு விடாமல் தின்றவர்கள்மேல் தீண்டாமை வந்து படிந்தது என்று எழுதினார். இரண்டையும் சேர்த்துப் படித்தபோதுதான் என் அத்தை எனக்குப் புரிந்தார். அவர் கறியை விடவில்லை, கூலி என்ற பெயரில் தூக்கிப் போட்டதை விட்டார். நான் காசு கொடுத்துக் கடையில் வாங்கித் தின்கிறேன். இரண்டு பேரும் ஒரே ஆளைத்தான் எதிர்த்துக்கொண்டிருக்கிறோம். இது தெரியாமல் அவரைக் கிண்டல் செய்த வருஷங்களுக்காக அவரிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கிண்ணத்தில் மொச்சை கொஞ்சம் கூடுதலாகப் போடுகிறேன், அவ்வளவுதான்.

இப்போது ஓரகத்தி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தாள். நல்ல பெண், என்னை அக்கா அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வந்த முதல் வாரம் கறிவாடைக்குக் கொல்லைப்புறம் போய் நின்றாள். பழக்கமில்லை, சரி என்று விட்டேன். மறுவாரம் அவள் குழம்புக்குத் தனிக் கரண்டி கேட்டாள். கொடுத்தேன். மீன் கரண்டியைத் தயிரில் போட்டால் எனக்கே பிடிக்காது. அதற்கடுத்த வாரம் அவளுடைய அம்மா வீட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்டவ்வும் இரண்டு பாத்திரமும் வந்து இறங்கின. "அக்கா, நான் பின்பக்கம் தனியா வச்சுக்கறேன். உங்களுக்கும் வேலை குறையும்" என்றாள். பொய் சொல்ல மாட்டேன், வேலை குறையும் என்றதும் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அவள் மாட்டுக்கறி தின்ன வேண்டும் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. பிறகு எதை வைத்து மறுப்பது?

திண்ணையில் உட்கார்ந்திருந்த அத்தைதான் வாயைத் திறந்தார். "இன்னாம்மா, கோழிக்குழம்பையும் அங்கதான் வைப்பியா?" என்று கேட்டார். ஆமாம் என்றாள். "ரசம்?" அதுவும். "அப்போ மாட்டுக்கறி வாணாம்னு சொல்லல, எங்க சட்டி வாணாம்னு சொல்ற. நானுந்தான் மாட்டுக்கறி தின்றதில்ல. நான் தின்னாததும் நீ தின்னாததும் ஒண்ணுன்னு நெனச்சுக்காத."

அவள் அழுதுவிட்டாள். கொழுந்தன் என்னிடம் வந்து சண்டை பிடித்தான். மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. ஸ்டவ் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. நான்காம் நாள் அவளே எங்கள் அடுப்பில் ரசம் வைத்தாள். உப்பு கொஞ்சம் தூக்கல். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மாமா மட்டும் குடிக்கவில்லை.

அன்றைக்கு அத்தை கேட்ட கேள்வியை நான் இப்போது எல்லா இடத்திலும் கேட்டுப் பார்க்கிறேன். 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியர் பெண்ணை ஆதிக்க சாதிக்காரர்கள் சமைக்கவிடாமல் தடுத்தார்கள். அந்தச் சட்டியில் மாட்டுக்கறியா இருந்தது? பள்ளிக்கூடத்துச் சாம்பார் சோறு. கறி என்பது பல நேரம் சாக்குதான், கை யாருடையது என்பதுதான் அவர்களுக்குக் கேள்வி. அதே சத்துணவில் நல்ல ஏற்பாடும் ஒன்று இருக்கிறது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறார்கள். முட்டை வாங்கியவனும் வாழைப்பழம் வாங்கியவனும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள். எட்டுப் பேர் வீட்டில் நான் செய்வதும் அதுதான்.

2022 மே மாதம் நம் பக்கத்து ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது நினைவிருக்கும். மாட்டுக்கறி பிரியாணிக்கு அங்கே இடமில்லை என்றார்கள். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு ஆகாதா என்று விளக்கம் கேட்டது. மழை வருகிறது என்று விழாவே தள்ளிப்போனது. சாப்பிடாதவர்கள் மனம் புண்படும் என்றால் அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம், பலகையில் எழுதி வைக்கலாம், கரண்டியைப் பிரிக்கலாம். சமைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் ஐந்து நிமிஷத்தில் வழி சொல்லியிருப்பாள். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் பதமாகி, செருப்பாகி, ஷூவாகி ஐரோப்பாவுக்குப் போவதால்தான் இந்த வட்டாரத்துக்கே சோறு. தோலுக்கு வெட்கப்படாத ஊர் கறிக்கு வெட்கப்படுகிறது.

நான் மட்டும் ரொம்ப யோக்கியம் என்று நினைக்க வேண்டாம். முன்பு வேலை பார்த்த ஒரு ஷூ கம்பெனியில், பெயர் வேண்டாம், மதியம் டப்பா திறக்கும்போது மூடியைப் பாதிதான் நகர்த்துவேன். திங்கட்கிழமை எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு இருக்கும், சுண்டிப்போய் அவ்வளவு ருசியாக இருக்கும். அதை வீட்டில் வைத்துவிட்டு எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போவேன். எத்தனை திங்கட்கிழமை என்று கணக்கில்லை. எதிரில் உட்கார்ந்த ஒரு பெண் ஒருநாள் முகத்தைச் சுளித்தாள், அதுதான் காரணம். அவள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது ரத்தம் குறைவாகத்தான் இருந்திருக்கும், பார்த்ததில்லை.

மராத்தியில் சாஹு பாடோளே என்பவர் 2015இல் மராத்வாடா தலித் மக்களின் சமையலைத் தனிப் புத்தகமாக எழுதினார். காயவைத்த கறியைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். நம் ஊரில் உப்புக்கண்டம் போடத் தெரிந்த கிழவிகள் இன்னும் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். கையில் செல்போன் வைத்திருக்கிற நீங்கள் போய் உட்கார்ந்து எழுதுங்கள்.

தம்பிகளிடம் ஒன்று. 2017இல் ஒன்றிய அரசு மாட்டுச்சந்தைக்குக் கட்டுப்பாடு போட்டபோது நீங்கள், உங்கள் அண்ணன்மார்கள், ஊர் ஊராக மாட்டுக்கறி விருந்து நடத்தினீர்கள். சரியான வேலை. நானும் வந்து வெங்காயம் அரிந்தேன். முழக்கம் முடிந்து எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டு போன பிறகு, அடிப்பிடித்த அந்தத் தேக்சாவை நானும் இன்னும் இரண்டு பெண்களும் ராத்திரி பதினொரு மணிக்குத் தேய்த்தோம். மாட்டுக்கொழுப்பு ஆறிப்போனால் எப்படி ஒட்டும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீட்டிலும் அப்படித்தான். எட்டு விதமாகச் சாப்பிட எட்டுப் பேருக்கும் உரிமை உண்டு. அந்த எட்டையும் செய்ய வேண்டியது ஒரே ஆள் என்றால் அது என்ன நியாயம்? கொழுந்தனுக்கு இப்போது செவ்வாய்க்கிழமைச் சமையலைக் கொடுத்திருக்கிறேன். சாம்பாரில் புளியைக் கரைக்காமல் அப்படியே உருண்டையாகப் போட்டான். பரவாயில்லை, சாப்பிட்டோம்.

ஓரகத்தி இன்றைக்கும் மாட்டுக்கறி தொடுவதில்லை. ஆனால் நான் வேலையிலிருந்து வரத் தாமதமானால் கடைக்குப் போய் அரைக்கிலோ வாங்கி வந்து மஞ்சள் தடவி வைத்திருப்பாள், எலும்பு கேட்டு வாங்குவதற்கும் கற்றுக்கொண்டாள். அவளுடைய அம்மா எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறார். இரண்டு முறையும் வெளியில் வாங்கிய சோடாதான் குடித்தார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அந்த அம்மா வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், கூட அவர்கள் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர். மாட்டுக்கறி பிரியாணி வேண்டாம், ஒரு நாள்தானே என்று கொழுந்தன் சொல்கிறான். எங்கள் பக்கத்து ஆட்கள் நாற்பது பேர், அவர்களுக்கு ஆட்டுக்கறி போட எங்களிடம் காசு இல்லை, கோழி போட்டால் வீட்டுக்காரர் முறைப்பார். அத்தையைக் கேட்டேன். "ரெண்டு தேக்சா வை. ஒண்ணு கோழி, ஒண்ணு மாடு. ஒரே எடத்துல, பக்கத்துப் பக்கத்துல வை. கத்தரிக்காயும் தயிர்ப்பச்சடியும் எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றார். ஓரகத்தி ஒன்றும் சொல்லவில்லை, சித்ரான்னம் ஐந்து வகையும் அவளே சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னாள். அவளுடைய அம்மா உட்கார்ந்து சாப்பிடுவாரா, சோடா குடித்துவிட்டுப் போவாரா, எனக்குத் தெரியாது.

சீரகச் சம்பா பத்துக் கிலோ சொல்லியாகிவிட்டது. வெங்காயம் உரிக்கச் சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு மேல் வரலாம், தம்பிகளும் வரலாம். தேக்சா தேய்க்க ஞாயிற்றுக்கிழமை மாலை ஆள் வேண்டும். இப்போதே பெயர் கொடுத்துவிட்டுப் போங்கள்.